குற்றம் உண்மையாக இருக்கும்போது: ஒரு பெண்ணை விமர்சிப்பதும் பெண்வெறுப்பும்

அல்சூர் வாசகி எழுதியது:

சொத்துக்குவிப்பு வழக்கில் கைப்பற்றப்பட்டு, பெங்களூரு நீதிமன்றத்தின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த நகைகளும் நில ஆவணங்களும் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி வந்ததிலிருந்து, இந்நகரில் தமிழர் கூடும் இடங்களில் ஜெயலலிதாவைப் பற்றிய பழைய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் ஒருவர் வாயிலிருந்தே ஒரே மூச்சில் வருகின்றன. "மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவருக்கு ஐந்தாண்டில் 66 கோடி ரூபாய்ச் சொத்து எப்படி வந்தது?" என்பது முதற்கேள்வி. "பிள்ளையா, குட்டியா? ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இத்தனை சொத்து?" என்பது இரண்டாவது. கேட்பவருக்கு இவ்விரண்டும் ஒரே கோபத்தின் இரு பகுதிகளாகத் தெரிகின்றன. எனக்கு அவை ஒன்றையொன்று கெடுக்கும் கேள்விகளாகத் தெரிகின்றன.

முதற்கேள்வி ஒரு முதலமைச்சரின் செயலைப் பற்றியது. அதற்குக் கணக்கு வேண்டும், ஆவணம் வேண்டும், பதில் வேண்டும். இரண்டாவது கேள்வி பேராசையைக் கண்டிப்பதுபோல் ஒலித்தாலும், மகனுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் சேர்த்து வைப்பவனின் ஊழலில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குகிறது. பிள்ளை பெறாத ஒருத்தி சேர்த்தாள் என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பொறுக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், வருமானத்துக்கு மீறிய சொத்து எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறது; யாருக்காகச் சேர்த்தாய் என்று அது கேட்பதில்லை. எனவே "பிள்ளையா, குட்டியா" என்ற கேள்வி அவரை இழிவுபடுத்துவதோடு நின்றுவிடாமல், வாரிசுகளுக்காகக் கொள்ளையடித்த ஆண்களுக்கெல்லாம் ஒரு சலுகையையும் தந்துவிடுகிறது.

குற்றமற்ற ஒரு பெண்ணின் மீது வீசப்படும் இழிசொல்லை எதிர்ப்பதில் யாருக்கும் குழப்பம் இருப்பதில்லை. இங்கே அப்படியில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாராவில் கூடிய தனி நீதிமன்றம் நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்த மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது. அவருடைய தோழி சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகிய மற்ற மூவரும் இந்த ஊர்ச் சிறையில்தான் தண்டனையை அனுபவித்தார்கள்.

அவரைக் கடுமையாக விமர்சிப்பவர்களில் நானும் ஒருத்தி. 2003இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பணிநீக்கம் செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அமைச்சர்கள் வரிசையாகக் காலில் விழுவதை அவர் தடுக்காமல் இருந்ததை மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் நான் இதைச் சொல்லத் தொடங்கினாலே, உடனிருப்பவர்களில் இருவராவது அதைத் தாங்கள் சொல்லக் காத்திருந்த வேறொன்றுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு பெண்ணின் விஷயத்தில் விமர்சனம் எங்கே முடிகிறது, பெண்வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை இங்கே பொறுமையாகப் பேச முடியுமா?

ஒயிட்ஃபீல்டு நிர்வாகி எழுதியது:

உங்கள் கேள்வி நேர்மையானது. அதே நேர்மையுடன் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். பெண் ஒருவரின் செயலைக் குறை சொல்லும்போதெல்லாம் "பெண் என்பதால் சொல்கிறீர்கள்" என்ற பதில் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் ஒரு மென்பொருள் குழுவை நிர்வகிக்கிறேன். சென்ற ஆண்டு இருவருக்குக் குறைந்த மதிப்பீடு அளித்தேன். ஒருவர் ஆண், ஒருவர் பெண். அந்த ஆண் என்னிடம் சண்டையிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பெண் எனக்குப் பெண்கள் மீது காழ்ப்பு இருப்பதாக மேலிடத்துக்கு எழுதினார். விசாரணையில் அப்படி எதுவும் இல்லை என்றே முடிந்தது. இருந்தாலும், அந்த மூன்று மாதங்களில் பெண்களின் பணியைப் பற்றி உண்மையைச் சொல்லவே கூடாது என்ற அச்சம் எனக்குள் வேரூன்றிவிட்டது. அந்த அச்சம் பெண்களுக்கும் நல்லதில்லை என்று நினைக்கிறேன். குறையைச் சொல்ல ஆளில்லாதவர் எப்படி முன்னேறுவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண் அரசியல்வாதி ஊழல் செய்தால் நாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம். பெண் அரசியல்வாதியையும் அதே போலத் திட்டினால் அதுதானே சமத்துவம்? பெண் என்பதற்காகச் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும் என்றால், அதுவே அவரைக் குறைத்து மதிப்பதாக ஆகாதா?

ஜெயநகர் மனிதவளம் எழுதியது:

நிர்வாகி ஐயா, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவில் உறுப்பினராக இருப்பவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: பணியில் குறை கண்டு எழுதுவது அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதேயில்லை. வேண்டுமென்றே பொய்யாகத் தரப்பட்ட புகாருக்கு நடவடிக்கை எடுக்கவும் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் இடமிருக்கிறது. புகாரை மெய்ப்பிக்க முடியவில்லை என்பதே அது பொய் என்று ஆகிவிடாது என்பதையும் அந்தப் பிரிவே தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் மதிப்பீட்டுப் படிவங்களை நிறைய படித்தவள் என்ற முறையில் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "மார்ச் மாத வெளியீட்டில் சோதனை அறிக்கை நான்கு நாள் தாமதமாக வந்தது, அதனால் வாடிக்கையாளருக்கான தேதி தள்ளிப்போனது" என்று எழுதினால், அதை ஏற்கலாம், மறுக்கலாம், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். "குழந்தை பிறந்த பிறகு கவனம் குறைந்திருக்கிறது" என்று எழுதினால், அந்தப் பெண் திருத்திக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் பேறுகால விடுப்புச் சட்டப்படி கிடைக்கிறது. ஆனால் விடுப்பிலிருந்து திரும்புகிறவரின் ஒவ்வொரு தவற்றையும் குழந்தையோடு சேர்த்துப் படிக்கும் பழக்கத்துக்கு எந்தச் சட்டமும் முடிவு கட்டவில்லை. அதே தாமதத்தைச் செய்த ஆண் ஊழியருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கக்கூடும். அவருடைய படிவத்தில் அந்தக் குழந்தை இடம்பெறுவதே இல்லை.

இரண்டு படிவங்களிலும் தாமதம் என்ற உண்மை ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்பதால் மட்டும் சொன்ன முறை நியாயமாகிவிடாது. நீங்கள் எழுதிய படிவத்தை நான் பார்க்கவில்லை. விசாரணையில் குறை காணப்படவில்லை என்றால் அதை நான் ஏற்கிறேன். அச்சப்பட்டு மௌனமாகிவிடாமல், தேதியும் செயலும் விளைவும் தெரியும்படி எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். அப்படி எழுதப்பட்ட குறையை வெறுப்பு என்று நிலைநாட்டுவது மிகக் கடினம்.

தங்கவயல் ஓய்வாசிரியர் எழுதியது:

"ஆணைத் திட்டுவதுபோலப் பெண்ணையும் திட்டினால் சமத்துவம்தானே" என்று நிர்வாகி கேட்டிருக்கிறார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது மகள் வீட்டில் இங்கே இருக்கிறேன். திட்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வளர்ந்தவன் நான். நம் மொழியில் ஓர் ஆணை மிகக் கொடுமையாகத் திட்ட வேண்டுமானால் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவனுடைய தாயின் கற்பைப் பழிக்கிறோம். அக்காளை, தங்கையை, மனைவியை இழுக்கிறோம். அவன் செய்த குற்றத்துக்கு, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பெண் அடி வாங்குகிறாள். அப்படியிருக்க, "ஆணைத் திட்டும் அதே சொற்களால் பெண்ணையும் திட்டுகிறேன்" என்பது எப்படிச் சமத்துவமாகும்? ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனை பயனுள்ளதுதான். ஆனால் இழிசொற்களின் கிடங்கே பெண்ணின் உடலைக் கொண்டு நிரப்பப்பட்டிருக்கும்போது, அந்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எதையும் பிரித்தறிய முடியாது.

ஜெயலலிதா விஷயத்துக்கு வருகிறேன். அவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 1989இல், மார்ச் 25 அன்று, சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்ட நாளில் பெரும் அமளி நடந்தது. தாம் தாக்கப்பட்டதாகவும் தம் சேலை இழுக்கப்பட்டதாகவும் அவர் குற்றஞ்சாட்டினார். ஆளுங்கட்சி அதை மறுத்தது. இன்றும் அது இரு தரப்பும் வாதிடும் நிகழ்வாகவே இருக்கிறது. நான் சொல்ல வருவது அன்று அவைக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றியதல்ல. அதற்கு அடுத்த வாரங்களில் தெருமுனைக் கூட்டங்களில் அந்தச் சம்பவம் பேசப்பட்ட விதத்தைத்தான் சொல்கிறேன். பேச்சாளர்கள் அதை நகைச்சுவையாக்கினார்கள், கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அப்போது எந்த ஆட்சியையும் நடத்தியிருக்கவில்லை. சொத்துக்குவிப்பு வழக்கு தொடர்பான 1991 முதல் 1996 வரையிலான காலம் அப்போது தொடங்கியிருக்கவும் இல்லை. பின்னாளில் ஊழலைப் பேசும்போது எந்தச் சொற்கள் வந்தனவோ, அதே சொற்கள் ஊழலுக்கு முன்பே அந்த மேடைகளில் இருந்தன. குற்றத்தின் காரணமாகப் பிறந்த கோபம் குற்றத்துக்கு முன்பே எப்படி இருந்திருக்க முடியும்? ஒரு சொல் விமர்சனமா வெறுப்பா என்று அறிய, அந்தச் சொல் தவறு நடப்பதற்கு முன்பே பேசுகிறவரிடம் தயாராக இருந்ததா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும் என்பது என் அனுபவம்.

பேராவூரணிக்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனால் எம்.ஜி.ஆரையும் "கூத்தாடி" என்று மேடைதோறும் ஏசினார்கள் என்பதை அவரும் மறந்திருக்க மாட்டார். நடிகர் நாடாள முடியுமா என்று கேட்டார்கள். அது ஆண்வெறுப்பா? ஜெயலலிதாவை நடிகை என்று சொன்னதை மட்டும் ஏன் பெண்வெறுப்பு என்கிறோம்?

தங்கவயல் ஓய்வாசிரியர் எழுதியது:

நல்ல மறுப்பு. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எம்.ஜி.ஆரை அப்படி ஏசியது உண்மை. அதில் தொழிலைத் தாழ்வாகப் பார்க்கும் சாதி மனமும் இருந்தது. ஆனால் அவர் விஷயத்தில் அந்த ஏச்சு தொழிலோடு நின்றது. அரிதாரம் பூசியவனுக்கு ஆட்சி தெரியுமா என்பதுதான் அதன் பொருள். 1977இல் முதலமைச்சரான பிறகு அவருடைய திரைப்புகழ் அவருக்குச் சொத்தாகவே இருந்தது. ஜெயலலிதாவை "நடிகை" என்று சொன்னவர்கள் அவருக்கு ஆட்சி தெரியுமா என்று கேட்கவில்லை. அவர் யாரோடு இருந்தார் என்று கேட்டார்கள். ஒரே தொழிற்பெயர், ஆணிடம் திறமையைப் பற்றிய ஐயமாகவும் பெண்ணிடம் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் மாறியது. திரைத்துறையில் அவரோடு இணைந்து நடித்த ஆண்கள் எவருக்கும் அந்தத் தீர்ப்பு வழங்கப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இவருக்கு நிர்வாக அனுபவம் இல்லை" என்று 1991இல் யாராவது எழுதியிருந்தால் அது விமர்சனம். அது சரியா தவறா என்று வாதிடலாம். அப்படி எழுதியவரை நான் பெண்வெறுப்பாளர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஜெயநகர் மனிதவளம் எழுதியது:

ஐயா சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. இழிசொல் எதுவும் இல்லாமலும் இது நடக்கிறது. அவரை "அம்மா" என்று அழைத்து, தெய்வமாக வணங்கி, பதாகைகளில் நிறைத்தவர்களும் அவருடைய செயலை ஒரு முதலமைச்சரின் செயலாகப் பார்க்கவில்லை. தாய் அடிப்பாள், தாய் அணைப்பாள் என்று ஆனபிறகு கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது.

அல்சூர் வாசகி எழுதியது:

இவ்வளவு தீவிரமாக இதை எடுத்துக்கொண்டதற்கு எல்லோருக்கும் நன்றி. தாய் என்று வணங்குவதைப் பற்றிச் சொல்லப்பட்டதிலிருந்து தொடர்கிறேன். ஜெயலலிதாவை மதிக்கும் பலர், "அவர் நல்லவர்தான், சசிகலாதான் கெடுத்துவிட்டார்" என்று சொல்வார்கள். கேட்பதற்கு இது ஜெயலலிதாவுக்கு ஆதரவான பேச்சு. ஆனால் அதன் பொருள் என்ன? ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற, ஒரு கட்சியைத் தனியொருவராகத் தூக்கி நிறுத்திய ஒருவருக்குத் தம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறியும் திறன் இல்லை என்பதுதான். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை; முதல் குற்றவாளியாக அவரைத்தான் நிறுத்தியது. அவர் பொதுப் பதவியில் இருந்தார், மற்ற மூவரும் அவரோடு சேர்ந்து சதி செய்தார்கள் என்பதே வழக்கின் அடிப்படை. ஜெயா பப்ளிகேஷன்ஸ், சசி எண்டர்பிரைசஸ் போன்ற நிறுவனங்கள், அவற்றின் பெயரில் வாங்கப்பட்ட நிலங்கள், கணக்கிலிருந்து கணக்குக்கு நகர்ந்த பணம் ஆகியவற்றை அடுக்கி வைத்து நீதிபதிகள் முடிவுக்கு வந்தார்கள். நம் பேச்சில் அந்த நிறுவனங்களுக்கு இடமே இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேலைகளும் எழுநூற்றுச் சொச்சம் காலணிகளும்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன. 1995இல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தைப் பேசினாலும் அரசு இயந்திரம் அதில் எப்படிப் பயன்பட்டது என்ற கேள்வி எழுவதில்லை. இரண்டு பெண்களும் ஒரே மாதிரி நகை அணிந்து நின்ற படம்தான் எழுகிறது. ஊழலை விட ஊழல் செய்தவர் உடுத்தியது நமக்குச் சுவையாக இருப்பதால், அடுத்து வருபவர் சேலை வாங்காமல் நிறுவனங்களை மட்டும் தொடங்கினால் நாம் கவனிக்காமலே இருந்துவிடுவோம் என்று அஞ்சுகிறேன்.

சசிகலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மீது எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. 2017 ஜூலையில், அப்போது சிறைத்துறை டி.ஐ.ஜி.யாக இருந்த ரூபா, பரப்பன அக்ரஹாரா சிறையில் சசிகலாவுக்குத் தனிச் சலுகைகள் தரப்படுவதாக அறிக்கை அளித்தார். அறிக்கையில் இருந்தவை சமையலறை, அறைகள், கையூட்டுக் குற்றச்சாட்டு போன்ற சரிபார்க்கத்தக்க செய்திகள். சசிகலாவின் நடத்தையையோ நட்பையோ பற்றி ஒரு சொல்லும் சேர்க்க வேண்டிய தேவை அந்த அதிகாரிக்கு ஏற்படவில்லை. அந்த அறிக்கையை அளித்த அதிகாரியும் பெண் என்பதால், "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று அப்போது என் உறவினர் ஒருவர் முடித்துவைத்தார். ஓர் அதிகாரி தம் கடமையைச் செய்ததும், ஒரு கைதி விதியை மீறியதாகச் சொல்லப்பட்டதும் அந்த ஒற்றை வரியில் இரண்டு பெண்களின் பகையாகச் சுருங்கிப்போயின. இரண்டு ஆண் அதிகாரிகள் மோதும்போது "ஆணுக்கு ஆணே எதிரி" என்று யாரும் சொல்வதில்லை.

பெங்களூருத் தணிக்கையாளர் எழுதியது:

விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2015இல் உயர் நீதிமன்றம், வருமானத்தை மீறிய சொத்து 8.12 விழுக்காடு மட்டுமே என்றும், 10 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற முந்தைய தீர்ப்பு இருக்கிறதென்றும் சொல்லி விடுதலை செய்தது. அரசுத் தரப்புச் சிறப்பு வழக்குரைஞர் ஆச்சார்யா, வருமானமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட கடன்களைக் கூட்டியதில் பிழை இருக்கிறது என்று சுட்டினார். தீர்ப்பில் 24.17 கோடி என்று இருந்த கடன் தொகையைத் திரும்பக் கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. வருமானத்திலிருந்து அந்த வேறுபாட்டைக் கழித்தால் விடுதலைக்கான கணக்கே நிற்காது. கர்நாடக அரசின் மேல்முறையீட்டில் இது முக்கியமான வாதமாக இருந்தது. ஜெயலலிதாவுக்கு எதிராக வைக்கப்பட்ட கடுமையான வாதங்களில் அதுவும் ஒன்று. அதில் அவர் பெண் என்பது எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.

சிவாஜிநகர் வழக்குரைஞர் எழுதியது:

இந்த விவாதத்தில் சட்டம் ஓரளவுதான் உதவும் என்றாலும், ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகத் தொடரும் அவதூறுச் சட்டத்துக்குப் பல விதிவிலக்குகள் உண்டு. பொது ஊழியர் ஒருவர் தம் கடமையைச் செய்கையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு எந்தக் கருத்தையும் சொல்லலாம் என்பது இரண்டாவது விதிவிலக்கு. அவருடைய குணத்தைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் அந்தக் குணம் அந்த நடத்தையில் எவ்வளவு வெளிப்படுகிறதோ அவ்வளவுக்கு மட்டும், அதற்கு மேல் இல்லை என்று அந்தப் பிரிவு எல்லை வகுக்கிறது. அமைச்சர்களைக் காலில் விழவைத்த முதலமைச்சரை அகந்தை கொண்டவர் என்று சொல்வது இந்த எல்லைக்குள் வரும், ஏனென்றால் அகந்தை அந்தச் செயலிலேயே தெரிகிறது. பிள்ளை இல்லை என்பதும் மணமாகவில்லை என்பதும் எந்த அரசாணையிலும் வெளிப்படாதவை. பெண்களைப் பற்றிச் சிந்திக்காத காலத்தில், ஆண் அதிகாரிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி இது. ஆனாலும் வாசகி கேட்ட எல்லைக்கோடு இதில் ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விமர்சிக்கும் உரிமையை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஜெயலலிதா ஆட்சியில் எதிர்க்கட்சியினர் மீதும் பத்திரிகைகள் மீதும் அரசு வழக்குரைஞர் வழியாக அவதூறு வழக்குகள் ஏராளமாகத் தொடுக்கப்பட்டன. 2016இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்து, பொதுவாழ்வில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதிகாரத்தில் இருக்கும் பெண் அதிகாரத்தில்தான் இருக்கிறார். அவரிடம் காவல்துறை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது. அவரை விமர்சிப்பவர்களை வாயடைக்கப் பெண்வெறுப்பு என்ற குற்றச்சாட்டைப் பயன்படுத்துவது, உண்மையில் வெறுப்புக்கு ஆளாகும் பெண்களுக்குச் செய்யும் தீங்காகும்.

கட்சி வேறுபாடு இதில் இல்லை என்பதற்கும் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில், அப்போதைய ஆளுநர் பெண் பத்திரிகையாளர் ஒருவரின் கன்னத்தைத் தட்டிய விவகாரத்தை ஒட்டி, பெண் பத்திரிகையாளர்கள் அனைவரையும் இழிவுபடுத்தும் ஒரு பதிவை, அப்போது பாஜகவில் இருந்த நடிகர் எஸ்.வி.சேகர் முகநூலில் பகிர்ந்தார். அந்தப் பத்திரிகையாளரின் கேள்வியையோ செய்தியையோ குறை சொல்லும் பதிவாக அது இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது. பிறர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற வாதத்தை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அனுப்பப்பட்ட செய்தி எய்யப்பட்ட அம்பு போன்றது என்று நீதிபதி குறிப்பிட்டார். 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் திமுக அமைச்சராக இருந்த பொன்முடி பெண்களை இழிவுபடுத்திப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக முதலில் கட்சிப் பதவியையும், பிறகு அமைச்சர் பதவியையும் இழந்தார். எந்தப் பெண்ணும் தவறு செய்ததாக அவர் குற்றஞ்சாட்டவும் இல்லை.

ஒயிட்ஃபீல்டு நிர்வாகி எழுதியது:

நடத்தையில் வெளிப்படும் அளவுக்கு மட்டும் என்ற எல்லை எனக்குப் பயன்படுகிறது. மதிப்பீட்டுப் படிவத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஓர் ஐயம் மீதமிருக்கிறது. சொற்கள் எல்லாம் ஒழுங்காக இருந்து, பெண்களின் தவறுகளை மட்டுமே ஒருவர் தேடித் தேடி விமர்சித்துக்கொண்டிருந்தால்? ஒவ்வொரு பதிவாக எடுத்தால் குறை காண முடியாது.

அல்சூர் வாசகி எழுதியது:

காண முடியாதுதான். அவர் எழுதியவற்றை மொத்தமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பெண் தவறு செய்யும்போது வரும் வேகம், அதைவிடப் பெரிய தவற்றை ஆண் செய்யும்போது எங்கே போகிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்குகளைச் சந்தித்த ஆண் அமைச்சர்கள் பலர் இருக்கிறார்கள்; அவர்களுடைய வீட்டு அலமாரியில் எத்தனை வேட்டி இருந்தது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த வகை விஷயத்தில் ஒரே ஒரு பதிவை வைத்து ஒருவருக்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். பொறுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பானஸ்வாடி குடியிருப்பாளர் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்போது இதே சிக்கல் எழுந்திருப்பதால் கேட்கிறேன். சங்கத்தின் செயலாளர் ஒரு பெண். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரமே தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தபோது, அவர் வேறு யாரிடமும் விலை கேட்காமல் ஒரே ஒப்பந்தக்காரரிடம் லாரிகளை வரவழைத்தார். மார்ச் மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு உச்சவரம்பு நிர்ணயித்த பிறகும் எங்கள் கணக்கில் அதைவிடக் கூடுதலான விலையே இருக்கிறது. பொதுக்குழுவில் இதைக் கேட்கப்போகிறேன். ஆனால் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், "வீட்டைப் பார்க்கத் தெரியாதவர் சங்கத்தைப் பார்க்க வந்துவிட்டார்" என்று ஒருவரும், "கையெழுத்துதான் அவருடையது, எல்லாம் கணவரின் வேலை" என்று மற்றொருவரும் எழுதியிருக்கிறார்கள். நான் இப்போது கேள்வி கேட்டால் அவர்களுடைய அணியில் சேர்ந்ததாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன். கேட்காமல் விட்டால் பணம் போனது போனதுதான்.

சிவாஜிநகர் வழக்குரைஞர் எழுதியது:

கட்டாயம் கேளுங்கள். தயங்கினால் அந்த இருவரின் குரல் மட்டுமே விமர்சனமாக எஞ்சும். அவர்கள் எழுதியதால் செயலாளருக்கு ஒரு வசதியும் கிடைத்திருக்கிறது: லாரிக் கணக்கைப் பற்றிப் பதில் சொல்லாமல், தாம் அவமதிக்கப்பட்டதைப் பற்றி மட்டும் அவர் பேச முடியும், அப்படிப் பேசினால் அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கணவரைப் பற்றிய வரியைப் பொறுத்தவரை, அது அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் செய்கிறது. கையெழுத்து அவருடையது என்றால் பொறுப்பும் அவருடையதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் சங்கத்துக்குக் கடிதமாகக் கொடுங்கள். இப்படித் தொடங்கலாம்: "செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். மார்ச் முதல் மே 2024 வரை வாங்கப்பட்ட தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கொள்ளளவு, விலை, பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பொதுக்குழுவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விலைப்புள்ளிகள் எத்தனை பேரிடம் பெறப்பட்டன? மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்க, கூடுதல் விலை கொடுக்கப்பட்டதன் காரணம் என்ன? இந்த முடிவைத் தாங்கள் தனியாக எடுத்தீர்களா, செயற்குழு எடுத்ததா?" கடைசிக் கேள்வி முக்கியமானது. செயற்குழுவில் உள்ள ஆண் உறுப்பினர்களும் ஒப்புதல் அளித்திருந்தால் அவர்களும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.

பானஸ்வாடி குடியிருப்பாளர் எழுதியது:

மிக்க நன்றி. கடிதத்தை இன்றே தட்டச்சு செய்து பொருளாளருக்கும் ஒரு படி தருகிறேன். காசோலைகளில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது, அவரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த இரண்டு பதிவுகளையும் நீக்கச் சொல்லிக் குழு நிர்வாகிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதே கோடையில் பக்கத்துக் குடியிருப்பினர் லாரிக்குக் கொடுத்த விலைக்கான பற்றுச்சீட்டுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவை கைக்கு வந்ததும் இணைத்துவிடுகிறேன்.